முந்த முடியாத பந்தயம் ஒரு பந்தயமா?

கார் பந்தய விதிகளைத் திருத்தி அமைக்கச் சில யோசனைகள்

விடியற்காலையில் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. போர்ட் பிளேரிலிருந்து பாராடாங், ரங்கட், மாயாபந்தர் செல்லும் பஸ்களும் லாரிகளும் டாக்சிகளும் வரிசை கட்டி நிற்கும். நேரம் வந்ததும் கேட் திறக்கும். கான்வாய் புறப்படும். ஜாரவா பழங்குடியினரின் காட்டு வழியே மிடில் ஸ்ட்ரெயிட் படகுத் துறை வரை சுமார் 50 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நடுவில் நிற்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. முன்னால் போகும் வண்டியை முந்தக் கூடாது.

"அண்ணே, முன்னாடி போறவன் மாட்டு வண்டி மாதிரி உருட்டுறான். ஒரே அமுக்கா அமுக்கி முந்திடுங்க" என்று கிளீனர் பையன் ஆசை காட்டுவான். "சும்மா கெடடா. முந்தினா கேஸ் எழுதிடுவான். கோர்ட்டுக்கு நீயா வருவே?" என்று டிரைவர் அதட்டுவார். பையன் வாயை மூடிக்கொள்வான். வண்டி ஊர்ந்துகொண்டே போகும்.

இந்தக் கான்வாய்க்கும், உலகத்திலேயே வேகமான கார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

2024-ம் ஆண்டு மே 26-ந் தேதி மொனாக்கோ நகரத் தெருக்களில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. மொத்தம் 78 சுற்றுகள். முதல் சுற்றிலேயே விபத்து நேர்ந்து பந்தயம் நிறுத்தப்பட்டது. அந்த இடைவேளையில் டயர்களையும் மாற்றிக்கொண்டார்கள். அதன் பிறகு நடந்தது பந்தயமல்ல, ஊர்வலம். புறப்பட்டபோது முதல் பத்து இடங்களில் யார் யார் நின்றார்களோ, முடிவிலும் அதே பத்துப் பேர் அதே வரிசையில் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பந்தயத்தின் நீண்ட வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

ஜிர்காடாங்கில் முந்தக் கூடாது. மொனாக்கோவில் முந்தலாம், ஆனால் முந்த முடியவில்லை. கோடிக்கணக்கான டாலர் செலவிட்டு ஒரு கான்வாயை நடத்துவானேன் என்ற கேள்வி பந்தய உலகத்தையே இன்று உறுத்திக்கொண்டிருக்கிறது. குற்றம் ஓட்டுநர்களுடையது அல்ல. வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் விதிகளில்தான் கோளாறு.

கலங்கிய காற்று

சாத்தம் துறையிலிருந்து பம்பூஃபிளாட் செல்லும் படகின் பின்னால் சிறு டிங்கியில் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெரிய படகு கிழித்துவிட்டுப் போன தண்ணீர் கொந்தளித்துக் கிடக்கும். அதில் டிங்கி தடுமாறும். சுக்கான் பிடித்தபடி கேட்காது. காற்றிலும் அதே கதைதான்.

பந்தயக் காரின் முன்னும் பின்னும் இறக்கைகள் உண்டு. விமானத்தின் இறக்கை மேலே தூக்கும்; காரின் இறக்கையோ கீழே அழுத்தும். அந்த அழுத்தம் இருந்தால்தான் டயர் சாலையைக் கவ்விப் பிடிக்கும். வளைவில் வேகமாகத் திரும்பலாம். ஆனால் முன்னால் செல்லும் கார் காற்றைக் கலக்கிவிட்டுப் போகிறது. பின்னால் வருபவனுக்குக் கிடைப்பது கலங்கிய காற்று. நெருங்க நெருங்க அவனுடைய பிடிப்பு குறைகிறது, டயர் சூடேறித் தேய்கிறது. சிறந்த ஓட்டுநர்கூட வளைவில் பின்வாங்க நேர்கிறது.

2021 வரை ஓடிய கார்கள், முன்னால் செல்லும் காருக்கு 20 மீட்டர் பின்னால் வரும்போது தம் அழுத்தத்தில் 35 சதவிகிதத்தை இழந்தன. 10 மீட்டர் நெருங்கினால் 46 சதவிகிதத்தை இழந்தன. இது ஃபார்முலா ஒன் அமைப்பே வெளியிட்ட கணக்கு. கையில் உள்ள பிடிப்பில் பாதி போய்விட்டால் யாரை முந்துவது?

ஆகவே 2022-ல் விதிகள் அடியோடு மாற்றப்பட்டன. இறக்கைகளின் வேலையைக் குறைத்து, காரின் அடித்தளத்தின் கீழ் ஓடும் காற்றைக்கொண்டு அழுத்தம் உண்டாக்கும்படி செய்தார்கள். புதிய காரில் இழப்பு 20 மீட்டரில் 4 சதவிகிதம், 10 மீட்டரில் 18 சதவிகிதம் மட்டுமே என்று கணக்குக் காட்டினார்கள். முதல் ஆண்டில் பலனும் தெரிந்தது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பொறியாளர்கள் புதுப் புது நெளிவுகளைச் சேர்த்துக் காற்றை மறுபடியும் கலக்கத் தொடங்கினார்கள். 2025-ல் பழைய முணுமுணுப்பு திரும்ப வந்துவிட்டது.

தடுக்கும் கோலமும்

அவன் தடுக்கில் பாய்ந்தால் இவன் கோலத்தில் பாய்வான் என்பார்கள். கார் பந்தய விதிகளின் வரலாறு முழுவதும் இந்தப் பழமொழிதான்.

1976-ல் டைரல் குழு முன்பக்கம் நான்கு சின்னச் சக்கரங்களும் பின்பக்கம் இரண்டு பெரிய சக்கரங்களுமாக ஆறு சக்கரக் காரைக் கொண்டுவந்தது. காருக்கு நான்கு சக்கரம்தான் என்று எந்த விதியும் அன்று சொல்லவில்லை. அந்தக் கார் ஸ்வீடன் பந்தயத்தில் வெற்றியும் பெற்றது. பிற்பாடுதான் நான்கு சக்கரம் என்று எழுதி வைத்தார்கள்.

1978-ல் அதே ஸ்வீடனில் பிரபாம் குழு, காரின் பின்புறம் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி வந்தது. காற்றைக்கொண்டு அழுத்தம் தரும் அசையும் பாகம் கூடாது என்பது விதி. "இது என்ஜினைக் குளிர வைக்கும் விசிறி" என்றார்கள். உண்மையில் அது காரின் அடியிலிருந்த காற்றை உறிஞ்சி வண்டியைச் சாலையோடு ஒட்ட வைத்தது. நிக்கி லாடா அதை ஓட்டி ஜெயித்தார். ஒரே பந்தயத்தோடு அந்தக் கார் விலக்கிக்கொள்ளப்பட்டது.

மொனாக்கோவில் 2025-ல் புது விதி ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு முறை டயர் மாற்ற வேண்டும். அப்படியாவது வரிசை கலையும் என்று நம்பினார்கள். நடந்தது வேறு. சில குழுக்கள் தங்கள் இரண்டு கார்களில் ஒன்றை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டச் சொல்லிப் பின்னால் வருபவர்களை மறித்தன. அந்த இடைவெளியில் மற்றக் கார் நிம்மதியாக டயர் மாற்றிக்கொண்டது. ஊர்வலத்தைக் கலைக்கப் போட்ட விதி ஊர்வலத்தை இன்னும் மெதுவாக்கியது!

இதிலிருந்து தெரிவது என்ன? ஒரு விதியை எழுதும்போது அது எதைக் காப்பாற்றப் போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நோயைத் தொடாமல் மேலே களிம்பு தடவினால் குணமாகாது.

சோழவரம் காட்டிய வழி

இந்த நோய்க்கு ஒரு நல்ல மருந்தை நம் தமிழ்நாடே கண்டுபிடித்தது என்பது பலருக்கு நினைவிருக்காது.

சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டிக் கல்கத்தா சாலையில் சோழவரம். போர்க் காலத்தில் லம்பா லைனில் ஜப்பானியர் விமானத் தளம் போட்டதுபோல, அங்கே இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்ததும் அது சும்மா கிடந்தது. 1950-களில் மோட்டார் பிரியர்கள் அதில் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானதும் அக்காலத்தில்தான். பிப்ரவரி மாதம் வந்தால் சோழவரத்துக்கு ஜனங்கள் திரண்டு போவார்கள். இன்று பேரன் பேத்தி எடுத்த சென்னைவாசிகள் அந்தப் புழுதியையும் என்ஜின் சத்தத்தையும் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் அங்கேயும் ஒரு குறை இருந்தது. மன்னர் குடும்பத்தாரும் பெரும் தொழிலதிபர்களும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்த கார்களைக் கொண்டுவருவார்கள். மற்றவர்கள் ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் ஃபியட்டையும் பிரித்துப் போட்டு, தாங்களே தட்டி நிமிர்த்தி ஓட்டுவார்கள். பணம் முந்தும், திறமை பின்னால் வரும்.

இதை மாற்ற நினைத்தவர் கோவை மில் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த எஸ். கரிவர்தன். தாமே பந்தயம் ஓட்டியவர். கார் வடிவமைப்பிலும் கெட்டிக்காரர். 1980-களின் பிற்பகுதியில் அவர் ஒரு சிறிய ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். என்ஜின் எங்கிருந்து? தெருவில் ஓடிய மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர், 796 சிசி என்ஜின்தான். உதிரி பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். பழுது பார்க்க வெளிநாட்டு மெக்கானிக் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர்.

எல்லோர் காரும் ஒன்று என்றால் ஜெயிப்பது யார்? ஓட்டத் தெரிந்தவன். அவ்வளவுதான் விஷயம். புத்தகம் புத்தகமாக விதி எழுதிச் சாதிக்க முடியாததை ஒரு சின்ன என்ஜின் சாதித்தது.

சோழவரத்துக்குப் பதிலாக ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை அமைந்தது. 1990-ல் அங்கே பந்தயங்கள் தொடங்கின. அங்கே ஃபார்முலா மாருதியில் பழகிய கோவைப் பையன் ஒருவன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியனானான். அவர்தான் நரேன் கார்த்திகேயன். திரையில் நாம் காணும் அஜித்குமாரும் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான்.

கரிவர்தன் 1995-ல் சிறு விமான விபத்தொன்றில் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயப் பாதைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

நரேன் பெற்ற ஐந்து புள்ளிகள்

நரேன் பெற்ற புள்ளிகளின் கதையிலும் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. 2005-ம் ஆண்டு விதிப்படி தகுதிச் சுற்று தொடங்கிப் பந்தயம் முடியும்வரை ஒரே செட் டயரில்தான் ஓட வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தவே அந்த ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 19-ந் தேதி அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பாதையில் விபரீதம் வந்தது. அங்கே சரிந்த மேட்டு வளைவு ஒன்று உண்டு. அதில் முழு வேகத்தில் திரும்பினால் தங்கள் டயர் தாங்காது என்று மிஷெலின் கம்பெனியே அறிவித்துவிட்டது. வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்க ஒரு தடுப்புத் திருப்பம் வைக்கலாம் என்ற யோசனையை நிர்வாகம் ஏற்கவில்லை. விதி விதிதான் என்றார்கள். பந்தயத்துக்கு முன் ஒரு சுற்றுச் சுற்றி வந்த இருபது கார்களில் பதினான்கு நேராகக் கொட்டகைக்குள் போய்விட்டன. மிச்சம் ஓடியவை பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்கள். அந்த ஆறில் நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார்.

காசு கொடுத்து உட்கார்ந்திருந்த ஜனங்கள் பாட்டில்களை வீசினார்கள். மறு ஆண்டே டயர் மாற்ற அனுமதி திரும்ப வந்தது. ஆபத்து நேரத்தில் வளைந்து கொடுக்காத விதி பந்தயத்தையே முறித்துவிடும் என்பதற்கு அன்றைய தினமே சாட்சி.

இனி என்ன செய்யலாம்?

முதலாவது, வண்டி சிறுக்க வேண்டும். 2009-ல் ஓட்டுநரையும் சேர்த்து 605 கிலோவாக இருந்த ஃபார்முலா ஒன் காரின் குறைந்தபட்ச எடை 2025-ல் 800 கிலோவாக ஏறிவிட்டது. சாமானியனின் மாருதி 800 காரே சுமார் 650 கிலோதான்! இரண்டு மீட்டர் அகலமும் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட வண்டி மொனாக்கோ தெருவில் எப்படி ஒதுங்கும்? 2026-க்கான விதிகளில் குறைந்தபட்ச எடையை 768 கிலோவாகவும் அகலத்தை 190 சென்டிமீட்டராகவும் குறைத்திருக்கிறார்கள். திசை சரி. இன்னும் குறைக்க இடம் உண்டு.

இரண்டாவது, முந்துவதற்குப் பொறி வைத்துத் தருவதைவிட, நெருங்கிச் செல்ல வழி செய்ய வேண்டும். 2011 முதல் 2025 வரை, ஒரு நொடி இடைவெளிக்குள் வந்துவிட்டவன் தன் பின் இறக்கையைத் திறந்துகொண்டு நேர்ப்பாதையில் பறக்கலாம் என்று சலுகை இருந்தது. முன்னால் செல்பவன் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். 2026 விதிகள் அதை நீக்கிவிட்டு, நெருங்கி வந்தவனுக்குக் கூடுதல் மின்சக்தி தருகின்றன. எந்தச் சலுகையானாலும் அளவோடு இருக்க வேண்டும். தானம் வாங்கிய வெற்றியை ரசிகன் கைதட்டி வரவேற்பதில்லை.

மூன்றாவது, செலவுக்கு உச்ச வரம்பு. 2021-ல் ஒரு குழு ஆண்டுக்கு 14.5 கோடி டாலருக்கு மேல் காருக்காகச் செலவிடக் கூடாது என்று வந்தது. ஓட்டுநர் சம்பளம் போன்றவை இதில் சேராது. அதோடு இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. காற்றுச் சோதனைக் கூடத்தில் முதல் இடம் பெற்ற குழுவுக்கு நேரம் குறைவு. கடைசிக் குழுவுக்கு அதிகம். 2022 கணக்குப்படி முதல் குழுவுக்கு 70 சதவிகிதம், பத்தாவது குழுவுக்கு 115 சதவிகிதம். ஓட்டுநருக்குத் தண்டனை இல்லை. பின்தங்கிய குழுவுக்குப் படிக்கக் கூடுதல் நேரம். இதைப்போல நியாயமான விதி வேறில்லை எனலாம்.

நான்காவது, ஜெயித்தவனுக்குப் பாரம் ஏற்றுவது. கிண்டி குதிரைப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. திறமையான குதிரைக்கு அதிக எடை ஏற்றுவார்கள். சாதாரண கார் வகைப் பந்தயங்கள் சிலவற்றிலும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் உலகச் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இது சரிவராது. திறமைக்கு அபராதம் போட்டால் திறமையை யார் வளர்ப்பார்கள்? அதைவிட, ஃபார்முலா டூ பந்தயங்களில் செய்வதுபோல, குறுகிய பந்தயத்துக்கு மட்டும் தகுதிச் சுற்றின் முதல் பத்துப் பேரைத் தலைகீழாக நிறுத்தலாம். பெரிய பந்தயம் முறைப்படியே நடக்கட்டும்.

ஐந்தாவது, அதுவே முக்கியமானது. கீழ்ப்படியில் எல்லோருக்கும் ஒரே கார், உள்நாட்டு என்ஜின், எண்ணி வைத்த டயர். கரிவர்தன் சொல்லிவிட்டுப் போன பாடம் இதுதான். மேல்படியில் எத்தனை விதி திருத்தினாலும், ஏணியின் முதல் படி உயரமாக இருந்தால் ஏறுகிறவர்கள் பணக்கார வீட்டுப் பிள்ளைகளாகவே இருப்பார்கள்.

உயிர் முதலில்

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. 1994-ல் இத்தாலியின் இமோலாவில் ஒரே பந்தயத்தின் இரண்டு நாட்களில் ரட்சன்பெர்கரும் அயர்டன் செனாவும் மாண்டார்கள். அதன் பிறகே பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. 2018-ல் ஓட்டுநரின் தலைக்கு மேல் வளைவான உலோகக் காப்பு கட்டாயமானபோது, காரின் அழகு கெட்டது என்று பலர் முகம் சுளித்தார்கள். 2020-ல் பஹ்ரைனில் தடுப்பைப் பிளந்து தீப்பிடித்த காரிலிருந்து ரொமான் குரோஷான் உயிரோடு வெளியே வந்தார். அதன் பிறகு யாரும் அழகைப் பற்றிப் பேசவில்லை.

நம் ஊரிலும் துக்கம் உண்டு. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டைப் பாதையில் அனுபவம் முதிர்ந்த கார் ஓட்டுநர் ஒருவர் பந்தயத்திலேயே உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கே மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். சர்வதேச ஃபார்முலா ஃபோர் காருக்கு 15 வயது நிரம்ப வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இரண்டு சக்கரமானாலும் நான்கு சக்கரமானாலும், வயது வரம்பில் தயவு காட்டுவது தயவாகாது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் கோப்பையை எங்கே வைப்பது?

தீவுப் பையனுக்கும் ஓர் இடம்

2024 ஆகஸ்டு கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் தெருப் பாதையில் ஃபார்முலா ஃபோர் கார்கள் இரவு விளக்கொளியில் ஓடின. முந்திய டிசம்பரில் நடக்க வேண்டியது, மிச்சாங் புயலால் தள்ளிப்போய் நடந்தது. அபர்தீன் பஜார் டீக்கடையில் அதை செல்போனில் பார்த்த ஒர்க்‌ஷாப் பையனுக்கும் ஆசை பிறந்திருக்கும். கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவன் அவன். ஹாடோவில் கிளார்க்காக இருப்பவரின் மகனுக்கும் அதே ஆசை இருக்கலாம். சென்னைக்குக் கப்பலேற மூன்று நாள். பந்தயத்தில் ஏற எத்தனை நாள் என்பதை நிர்ணயிப்பது விதிப் புத்தகம்தான். லட்சக்கணக்கில் கேட்கும் விதி அவனை வாசலிலேயே நிறுத்தும். மாருதி என்ஜின் போதும் என்று சொல்லும் விதி உள்ளே அழைக்கும்.

மறுபடியும் ஜிர்காடாங்குக்கு வருவோம். அங்கே முந்தக் கூடாது என்ற விதியை யாரும் குறை சொல்ல முடியாது. அந்தக் காட்டில் காலங்காலமாக வாழும் ஜாரவா மக்களின் அமைதிக்காக எழுதப்பட்ட விதி அது. எதைக் காக்க வந்ததோ அதைக் காக்கிறது. அதனால் அது நல்ல விதி. பந்தயப் பாதையில் காக்க வேண்டியவை மூன்று: ஓட்டுகிறவனின் உயிர், பின்னால் வருபவன் முந்தும் வாய்ப்பு, ஏழை வீட்டுப் பிள்ளையின் இடம். இந்த மூன்றையும் காக்காத விதி எத்தனை பக்கம் இருந்தாலும், அது நடத்துவது பந்தயமல்ல, கான்வாய்தான்.